ஓணான்விளையில் எஞ்சின் பழக்கிய பத்து மணி நேரம்

எங்கள் ஊர் ஓணான்விளை. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே, பஸ் நிற்காத ஒரு பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் எங்களை முட்டாப்பய ஊர் என்பார்கள். இது சுத்த அபாண்டம். ஊரில் நூற்றுக்கு மேல் தலைகள் உண்டு. முட்டாள்கள் என்று தேடிப் பார்த்தால், உப்புச் சங்கத்தில் இருக்கும் பதினோரு ஆண்கள்தான் கிடைப்போம். அதற்காக ஊரையே சொல்வது நியாயமா?

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் நான். பெயர் மாசானமுத்து. பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன். மற்றவர்கள் ஒரு முறைகூட எழுதாததால், எனக்கு மூன்று மடங்கு படிப்பு என்று கணக்குப் போட்டுப் பதவி கொடுத்தார்கள்.

எங்கள் அளத்திலிருந்து தார் ரோட்டுக்கு முக்கால் மைல். நடுவில் ஒற்றையடி வரப்புதான். லாரி இறங்காது, இறங்கினால் ஏறாது. அதனால் உப்பு முழுவதையும் பெண்கள்தான் ஓலைப்பெட்டியில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, ரோட்டுக்குச் சுமந்து போவார்கள். என் மனைவி பேச்சிக்கனி பதினான்கு வருஷமாகச் சுமக்கிறாள். போன வருஷம் அவள் கழுத்து மக்கர் செய்ய ஆரம்பித்தது. குனிந்து கோலம் போட்டால் நிமிர அரை மணி ஆகும். வைத்தியர் தைலம் கொடுத்தார், கூடவே 'இனிமேல் சுமை தூக்கக் கூடாது' என்றும் சொன்னார். தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். "ஏளா பேச்சி, இந்த வருச உப்புல ஒரு பெட்டியக்கூட நீ சொமக்க மாட்ட. நான் பொறுப்பு."

அவள் சொன்னாள்: "சந்தோசம். ஆனா ஐப்பசி மழைக்கு முன்ன அம்பாரம் ரோட்டுக்குப் போய்ச் சேரணும். இல்லேன்னா உப்பு வந்த வழியே கடலுக்குப் போயிரும். அதையும் மனசுல வச்சுக்கிடுங்க."

அம்பாரம் என்றால் உப்புக் குவியல். ஆறு மாத உழைப்பு அளத்தின் நடுவே கோயில் கோபுரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஆகவே ஒரு வண்டி வாங்கப் பதினோரு பேரும் தூத்துக்குடிக்குப் போனோம். யாரும் உரிமை கேட்டு வராத சாமான்களை அன்று அங்கே துறைமுகத்தில் ஏலம் விட்டார்கள். பழைய வேன் ஒன்று எங்கள் கைப்பணத்துக்குப் படியும் போலிருந்தது. அதை நோக்கி நடக்கும்போதுதான், வழியில் ஒரு பெரிய மரப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த படத்தைச் சங்கத் தலைவர் பொன்னுபாண்டி அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

படத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. பின்னால் வெள்ளை வெள்ளையாகக் குன்றுகள். நடுவே ஒருவன் சக்கரம் இல்லாத ஒரு வண்டியில் சீறிக்கொண்டு போகிறான். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் பல் வைத்த அகலமான பெல்ட்.

"ஏல, இது எந்த அளம்?" என்றார் அண்ணாச்சி.

"நம்ம பக்கம் இல்ல அண்ணாச்சி. அம்பாரத்தோட ஒசரத்தப் பாத்தீயளா? சீமையாத்தான் இருக்கும்" என்றான் லிங்கத்துரை. சங்கத்தில் எதையும் துருவி ஆராய்கிறவன் அவன்தான். "கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கான் பாருங்க. உப்போட வெளிச்சம் கண்ணக் கூசும்லா, அதுக்கு. பூட்சு, உப்பு கால அரிக்காம இருக்கிறதுக்கு."

"இந்த வெயில்ல எதுக்குல இவ்வளவு தடியா கோட்டுப் போட்டிருக்கான்?"

"மொதலாளியா இருப்பான்."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏலத்தில் எங்களைத் தவிர ஒருவர்கூட அந்தப் பெட்டியைக் கேட்கவில்லை. உப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே அதை ஊருக்குக் கொண்டுவந்தோம்.

துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கும் மிக்கேல் அண்ணனை வரவழைத்தோம். அவர் பெட்டியைப் பிரித்தார், வண்டியைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நல்ல யந்திரத்தைக் கண்டால் தொழில் தெரிந்தவர்களுக்கு வரும் சந்தோஷம் என்று நாங்களும் கூடச் சிரித்தோம்.

"வே, இது பனிக்கட்டி கொட்டுற தேசத்துல ஓட்டுற வண்டி. இத வச்சு இங்க என்ன செய்யப் போறீரு?"

அண்ணாச்சி என் காதில் சொன்னார்: "பாவம், போட்டு மெக்கானிக்கு. உப்பப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? அடக்கிச் சிரி."

மிக்கேல் அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு, ஊதுகிற சங்கை ஊதிவிட்டுப் போவோம் என்று நினைத்தாரோ என்னவோ, எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

"எஞ்சின் புத்தம் புதுசு. இத மெல்லப் பழக்கணும். மொத பத்து மணி நேரம்தான் முக்கியம். அதுவரைக்கும் பாதி வேகத்துக்கு மேல போகப்படாது. பாரம் ஏத்தப்படாது. ஒரே வேகத்துலயும் ஓட்டப்படாது, கூட்டிக் கொறச்சு ஓட்டணும். சூடேறவே விடப்படாது. அடியில ஐஸ் பட்டுக்கிட்டே இருந்தாத்தான் இந்த எஞ்சின் ஆறும். பத்து மணி நேரம் முடிஞ்சதும் சொல்லி விடுங்க, வந்து பாக்கேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டியைச் சுற்றிப் பதினோரு பேரும் நின்றோம். யாரும் அதைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து மணி நேரம் முடிந்தது. அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு தரம்கூட வண்டி பாதி வேகத்தைத் தாண்டவில்லை. பெருமையோடு மிக்கேல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எஞ்சின ஓட்டுனீரா இல்லையா?" என்றார்.

"ஓட்டவா? பத்து மணி நேரம் முக்கியம்னுதான அண்ணே சொன்னீங்க."

அந்தப் பக்கம் ஏதோ ஸ்பானர் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு, "எஞ்சின் ஓடுன நேரம் பத்து மணி வே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு நாள் வீண். மழைக்கு இருபது நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் ஓட்டுவது என்று முடிவானது. ஊரில் திடகாத்திரமான ஆள் இசக்கிராசா. அவன் வண்டியில் ஏறப் போனான். லிங்கத்துரை அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ எத்தன கிலோ?"

"எம்பத்தி நாலு."

"எம்பத்தி நாலு கிலோ உப்பு ஏத்துனா அது பாரமா, இல்லையா?"

"பாரந்தான்."

"அப்ப நீ?"

இசக்கிராசா யோசித்தான். தன் உடம்பை மேலும் கீழும் பார்த்தான். "நானும் பாரந்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆகவே ஓட்டுகிறவன் வண்டியில் ஏறாமல், கூடவே நடந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்துவது என்று தீர்மானித்தோம். அப்போது அண்ணாச்சி பெட்ரோலும் பாரம்தானே என்று கேட்டார்.

"அது வண்டி குடிக்கிறது அண்ணாச்சி, பாரம் ஆகுமா?" என்றேன் நான்.

"நீ ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சா வயிறு கனக்குதா, இல்லையால?"

கனக்கத்தான் செய்யும். ஒரு தடவைக்கு ஒரு சோடா பாட்டில் அளவு பெட்ரோல்தான் ஊற்றினோம்.

இசக்கிராசா எஞ்சினைக் கிளப்பி விசையை அழுத்தினான். வண்டி ஒரு துள்ளு துள்ளி, அவனையும் இழுத்துக்கொண்டு இரண்டு பாத்தியைக் கடந்து மூன்றாவது பாத்தியில் போய் நின்றது. அவனை உப்புத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தினோம்.

"இது பாதி வேகமா, முழு வேகமா?" என்று அண்ணாச்சி கவலையோடு கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

இதுதான் பெரிய சிக்கலாகிவிட்டது. பாதி வேகம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் முழு வேகம் தெரிய வேண்டும். முழு வேகம் தெரிய வேண்டுமானால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். அன்று பகல் முழுவதும் இதே பேச்சுதான். இரண்டு பேர் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கடைசியில் லிங்கத்துரைதான் வழி கண்டுபிடித்தான்.

"வண்டி வேகம் யாரு கையில இருக்கு? கூட நடக்கிற இசக்கிராசா கையில. அவன் ரெண்டு காலால ஓடுனா முழு வேகம். அப்படின்னா, ஒரு கால்ல ஓடுனா?"

"பாதி!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். இவ்வளவு சுலபமான கணக்கு எங்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

இசக்கிராசாவின் வலது காலை மடக்கி, துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினோம். அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நொண்டியடித்தபடியே எஞ்சினை ஓட்டினான். வண்டியும் அவனுக்கு ஈடுகொடுத்து, பல்லி ஊர்வது மாதிரி ஊர்ந்தது. ஒரு நாள் இடது கால், ஒரு நாள் வலது கால். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பழக வேண்டுமே.

ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு ஏற்பாடு. இசக்கிராசாவுக்கு உலகத்தில் அவன் மாமியார் ஒருத்தியிடம்தான் பயம். "ஏல, ஒன் மாமியா வாரா!" என்று நான் கத்தினால் அவன் வேகம் கூடும். "போயிட்டால" என்றால் குறையும். பொய் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் காலுக்குத் தெரியவில்லை.

அடுத்தது சூடு. எங்கள் அளத்தில் புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கும். நான்கு மூலையில் நான்கு கம்பு கட்டி மேலே ஓலை வேய்ந்த ஒரு பந்தலை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வண்டி போகும் இடமெல்லாம் கூடவே நடந்தார்கள். இரண்டு பேர் துறைமுகத்து ஐஸ் பாக்டரியிலிருந்து சைக்கிளில் ஐஸ் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் பரப்ப வேண்டும். முதல் நாள் அவர்கள் கொண்டுவந்தது ஈரச் சாக்கு. உள்ளே பார்த்தால் குளிக்கிற சோப்பு அளவுக்கு ஒரு துண்டு இருந்தது.

"வழியிலயே கரைஞ்சிட்டு" என்றார்கள்.

"மீன்காரன் ஐஸ்ல என்ன போடுதான்?" என்றான் லிங்கத்துரை.

"உப்பு."

"எதுக்கு?"

"கரையாம இருக்கிறதுக்கா இருக்கும்."

"நம்மகிட்ட என்ன இருக்கு?"

எல்லோரும் திரும்பி அம்பாரத்தைப் பார்த்தோம். எனக்குப் புல்லரித்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ ஊரில் எஞ்சின் பழக்குகிறார்கள். உப்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பழக்குகிற பாக்கியம் யாருக்கு உண்டு?

மறுநாளிலிருந்து இரண்டு பேர் ஐஸ் போட, அதன் மேல் இரண்டு பேர் பெட்டி பெட்டியாக உப்பைக் கொட்டினார்கள். ஐஸ் முன்பைவிட வேகமாகக் கரைந்தது. உப்புப் போதவில்லை என்று இன்னும் கொட்டினோம்.

இப்படியாக ஊர்வலம் அமைந்தது. முன்னால் அண்ணாச்சி சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு போவார். பின்னால் ஐஸ்காரர், உப்புக்காரர், நடுவில் பந்தலுக்குக் கீழே வண்டி, பக்கத்தில் நொண்டியடிக்கும் இசக்கிராசா. கடைசியாக நான், மணி பார்ப்பதற்காக வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி. பதினோரு பேருக்கும் வேலை கிடைத்த அளவில், சங்க வரலாற்றிலேயே இதுதான் பொற்காலம்.

ஒரு நாள் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் ஒன்று ரோட்டிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு, சப்பரம் வருகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தது. ஒரு அம்மாள் வண்டிக்கு முன்னால் சூடம் ஏற்றி விழுந்து கும்பிட்டாள்.

"எந்தச் சாமிங்கய்யா?" என்றாள்.

"எஞ்சின்" என்றார் அண்ணாச்சி.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இசக்கிராசாவைப் பார்த்து, "தம்பிக்கு என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டாள்.

"பாதி வேகம்மா" என்றான் அவன் மூச்சு வாங்க. அவள் கண்கலங்கி அவன் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனாள்.

ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. இசக்கிராசாவின் கால் அவ்வளவுதான் தாங்கும். மூன்று மணி நேரம் முடிந்த அன்று பேச்சிக்கனி அளத்துக்கு வந்தாள். உப்புக்காரர்கள் அம்பாரத்திலிருந்து பெட்டியில் அள்ளுவதைப் பார்த்து நின்றாள்.

"உப்ப எதுக்கு அள்ளுதீங்க?"

"உப்பக் காப்பாத்தத்தான்" என்றேன். "இப்பப் பாரு. உப்பு ரோட்டுக்குப் போக எஞ்சின் வேணும். எஞ்சின் ஆற ஐஸ் வேணும். ஐஸ் கரையாம இருக்க உப்பு வேணும்."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அம்பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து அம்பாரம் மளமளவென்று குறைய ஆரம்பித்தது.

"நாம அள்ளுறது நாலு பெட்டி. கொறையிறது நாப்பது பெட்டி. கணக்கு ஒதைக்குதே" என்றான் லிங்கத்துரை.

"நாலு பெட்டி உப்பு கரையிறதப் பாத்து மத்த உப்புக்கும் ஆச வந்திருக்கும்" என்றார் அண்ணாச்சி. பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் திருட்டாகவும் இருக்கலாம் என்று இசக்கிராசா சொன்னதால், காவல் போடுவது என்று முடிவு செய்தோம். உப்பைத் திருடுகிறவன் அடுத்தபடியாக வண்டியைத்தான் திருடுவான். ஆகவே காவல் வண்டிக்கு. விடியற்காலைக் காவல் என் பங்கு.

விடியும் வரை வண்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அம்பாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால் பெண்கள் கூட்டமாகப் பெட்டியோடு போவதும் வருவதும் கேட்கும். பாவம், இந்த நேரத்திலேயே எங்கோ வேலைக்குப் போகிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் ஒருத்தி, "கொஞ்சம் கை குடுங்க, பெட்டி கனக்கு" என்றாள். எழுந்து போய், நிறைந்த பெட்டியை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு, வண்டியை அவ்வளவு நேரம் தனியாக விட்டுவிட்டோமே என்று ஓடி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அது பேச்சிக்கனி. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. கிழக்கே கருமுகில் கட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில் என் கழுத்துக் கடிகாரம் பத்தாவது மணி நேரம் முடிந்துவிட்டதைக் காட்டியது. மிக்கேல் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். எஞ்சினைக் கிளப்பினார். காதை வைத்துக் கேட்டார். ஒரு மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இருவத்தி ரெண்டு வருசமா எஞ்சின் பாக்கேன் வே. இவ்வளவு சுத்தமாப் பழக்குன எஞ்சின நான் கண்டதே இல்ல. எப்படிச் செஞ்சீரு?"

"நொண்டியடிச்சுத்தான்" என்றார் அண்ணாச்சி அடக்கமாக.

"சரி, இனி யோசிக்காதீரு. ஏறி உக்காந்து ஓட்டலாம். பாரமும் தாராளமா ஏத்தலாம்."

ஏறி உட்காரலாம் என்றதும் இசக்கிராசா தேம்பித் தேம்பி அழுதுவிட்டான். நான்கு சாக்கைத் தயாராக எடுத்துக்கொண்டு எல்லோரும் அம்பாரத்தைப் பார்த்துத் திரும்பினோம்.

அம்பாரம் இல்லை. அது இருந்த இடம் வழித்துத் துடைத்த மாதிரி கிடந்தது.

வண்டியை விட்டுவிட்டுத் தார் ரோட்டுக்கு ஓடினோம். அங்கே மேட்டில் மொத்த உப்பும் குவிந்திருந்தது. பெண்கள் அதன் மேல் பனையோலை மூடி, கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சிக்கனி ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க எஞ்சினப் பழக்கி முடிக்கிறதுக்குள்ள ஒரு படி உப்பு மிஞ்சாதுன்னு தோணிச்சு. அதான் நாங்களே சொமந்துட்டோம். லாரி நாளைக்கு வருது" என்றாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன்! சுமக்க மாட்டாள் என்று சொன்னவன், என் கையாலேயே பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்திருக்கிறேன். உப்புத் தப்பித்தது, என் மானம் கரைந்துவிட்டது. அதைச் சங்கத்தார் முன்னால் வாய்விட்டே சொன்னேன். எல்லோரும் எழவு வீட்டில் இருப்பதுபோல் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

"அதுக்கென்ன இப்போ?" என்றாள் பேச்சிக்கனி. "உப்பு வந்து சேந்துட்டுல்லா. வண்டிய அடுத்த வருசத்துக்கு வச்சுக்கிடுங்க."

"அதுக்குள்ள எஞ்சின் பழகுனத மறந்துட்டுன்னா?" என்றார் அண்ணாச்சி. அவள் அடுத்த முடிச்சைப் போடப் போய்விட்டாள்.

அண்ணாச்சி அங்கேயே அவசரக் கூட்டம் போட்டார். "வண்டி வாங்குனது எதுக்கு? அளத்துலேருந்து ரோட்டுக்கு உப்பு கொண்டார. இப்ப வண்டி தயார். ரோடும் தயார். உப்பு மட்டும் எடம் மாறி இருக்கு. அத எடத்துல கொண்டு போய் வைக்கணும்."

"உப்ப வண்டியிலயே அளத்துக்கு ஏத்திக்கிட்டுப் போயிருவமா?" என்றான் லிங்கத்துரை.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "முட்டாத்தனமாப் பேசாதல! ரோட்டுக்கு உப்பு கொண்டார வாங்குன வண்டி. அளத்துக்கு உப்பு கொண்டு போறதுக்கா வாங்குனோம்?"

லிங்கத்துரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ஆகவே பெண்களிடம் ஓலையைக் கொஞ்சம் விலக்கச் சொல்லி நான்கு சாக்கில் உப்பை நிரப்பினோம். சும்மாடு சுற்றத் தெரியாததால் அவர்களே சுற்றிக் கொடுத்தார்கள். என் தலையில் சாக்கைத் தூக்கி வைத்தவள் பேச்சிக்கனி. "பாத்துப் போங்க, கழுத்த ஆட்டாதீங்க" என்றாள். முக்கால் மைல். நாங்கள் மாற்றி மாற்றிச் சுமந்தும், அளத்தில் போய் இறக்கும்போது எனக்கு உயிர் தொண்டைக்குழியில் இருந்தது. பதினான்கு வருஷம் இவள் இதை எப்படித்தான் செய்தாளோ என்று அப்போதுதான் நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. கழுத்து வலியா, வேறெதுவுமா என்று தெரியவில்லை.

நான்கு சாக்கையும் வண்டியில் ஏற்றிக் கட்டினோம். இசக்கிராசா இரண்டு காலும் தரையில் படாமல் உட்கார்ந்தான். ஐஸ்காரர்கள் முன்னால் ஓடினார்கள். வண்டி கிளம்பியதுதான் தெரியும், நாலே நிமிஷத்தில் ரோட்டில் நின்றது. ஒரு கல் உப்புகூடச் சிந்தவில்லை. பெண்கள் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். மிக்கேல் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார், பாராட்ட வார்த்தை கிடைக்காமல்.

"இன்னொரு நடை போவமா?" என்றார் அண்ணாச்சி.

இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்த யாருக்கு மனசு வரும்? அதே நான்கு சாக்கை மறுபடியும் தலையில் ஏற்றினோம்; வண்டி காலியாகக் கூடவே வந்தது. அளத்துக்குச் சுமந்து போக முக்கால் மணி நேரம், வண்டி திருப்பிக் கொண்டுவர நாலு நிமிஷம். மழை தூறல் போட ஆரம்பிக்கும் வரை எட்டு நடை போனோம்.

தூறலோடு தூறலாகச் சங்கம் கூடியது. வண்டியின் பேரில் யாருக்கும் குறை இல்லை. ஆனால் நடைமுறையில் ஒரு சங்கடம் இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணாச்சி தலையை அசைக்க முடியாமல், வானத்தைப் பார்த்தபடியே தீர்மானத்தை வாசித்தார்.

"ரோட்டுலேருந்து அளத்துக்கு உப்பு கொண்டு போறது ரொம்பச் செரமமா இருக்கு. மனுசன் செய்யிற வேலையா அது? ஒரு வண்டி பத்தாது. உப்ப அளத்துக்குக் கொண்டு போக இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்குறதுன்னு இந்தச் சங்கம் தீர்மானிக்குது. சம்மதம்னா கையத் தூக்குங்க."

செயலாளர் என்ற முறையில் கைகளை எண்ண வேண்டியவன் நான். எனக்குக் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேர் எதிரே நின்ற பேச்சிக்கனி மட்டும்தான் கண்ணில் பட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையை உயரத் தூக்கியிருந்தாள்.

ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டேன்.